டீசல் காரும் நம்ம ஊர் கைவேலையும் - ஒரு சின்ன வரலாறு



வணிகவியல் படிக்கிறவனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் எஞ்சின் பாதி, கணக்கு பாதி. திமிரியில் இருந்து ஆற்காடு பக்கம் போனாலும் சரி, ஆரணி பக்கம் போனாலும் சரி, பின்னால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஒரு பழைய ஸ்விஃப்ட் டீசல் நம்மைத் தாண்டிப் போகும். புது அலாய் வீல், அகல டயர், "ரீமேப் பண்ணிட்டேன் மச்சி" என்ற பெருமை... இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

லாரியில் இருந்து சின்னக் காருக்கு

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897 ல் ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓடியது. அது கனமானது, சத்தம் அதிகம். அதனால் ரொம்ப காலம் கப்பல், லாரி, பம்ப்செட் என்றே இருந்தது. 1976 ல் வோக்ஸ்வாகன் தன் கோல்ஃப் காரில் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினை வைத்தபோதுதான் சின்னக் காருக்கும் டீசல் சரிப்படும் என்பது உலகத்துக்குப் புரிந்தது.

நம் நாட்டில் திருப்புமுனை டாடா இண்டிகா. 1998 டிசம்பரில் வந்த அந்தக் காரில் 1405 சி.சி. டீசல் எஞ்சின், ஏறத்தாழ 53 குதிரைத்திறன், டர்போ கிடையாது. ஏ.சி. போட்டுக்கொண்டு ஏலகிரி மலை ஏறினால் வண்டி மூச்சு வாங்கும். ஆனால் டாக்ஸிக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். காரணம் எளிது. டீசல் மலிவு, மைலேஜ் அதிகம், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவர் காலம்

அந்தக் காலத்து டீசல் எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. எவ்வளவு டீசல் உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு மெக்கானிக்கல் பம்ப்தான் முடிவு செய்யும். அந்தப் பம்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சம் திருகினால் டீசல் கூடுதலாகப் போகும், பிக்கப் ஏறும். "மேம்படுத்துதல்" என்பதன் முதல் வடிவம் இதுதான். செலவு ஒரு டீக்காசு!

ஆனால் இதில் ஒரு சிக்கல். டீசல் எரியக் காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. டீசலை மட்டும் கூட்டினால் மிச்சம் முழுதாக எரியாமல் புகைக்கரியாக வெளியே வரும். ஆக, நாம் பார்க்கும் கரும்புகை என்பது எரியாமல் போன காசு.

லேப்டாப் காலம்

2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. உள்ளே இருந்தது ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட் எஞ்சின். 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பிறகு ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கார்களில் இதே எஞ்சின் ஏறியது. வேறு வகை டர்போவுடன் 90 குதிரைத்திறன் தரும் பதிப்பும் வந்தது. "அதே எஞ்சின் 90 தரும்போது என் வண்டி ஏன் 75 லேயே நிற்கணும்?" என்ற கேள்வி அங்கே பிறந்தது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ட்யூனிங் பாக்ஸ். எரிபொருள் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று இது காரின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் கூட்டும், டீசல் அதிகமாகப் போகும். இன்னொன்று ரீமேப். லேப்டாப்பை இணைத்து கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது. ஸ்க்ரூ போய் சாஃப்ட்வேர் வந்தது, அவ்வளவுதான். விலை மட்டும் டீக்காசு இல்லை. கிளட்ச் பிளேட்டும் டர்போவும் சீக்கிரம் தேய்ந்தால் அந்தச் செலவு தனி.

2010 ல் வோக்ஸ்வாகன் இந்தியாவில் நடத்திய போலோ கப் பந்தயத்திலும் டீசல் போலோதான் ஓடியது. டீசல் என்றால் மந்தம் என்ற பெயர் அதோடு போயிற்று.

ஏன் இவ்வளவு டீசல்?

இங்கேதான் என் பாடம் வருகிறது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை கட்டுப்பாடு இருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் சுமார் 41 ரூபாய்.

ஒரு கணக்குப் போடுவோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 4.87 ரூபாய், டீசல் 2.05 ரூபாய். மிச்சம் 2.82 ரூபாய். டீசல் கார் ஒரு லட்சம் அதிகம் என்றால் சுமார் 35,500 கி.மீ. ஓட்டினால் அந்தக் காசு திரும்பிவிடும். பிறகு யார் பெட்ரோல் வாங்குவார்கள்?

விவசாயிக்கும் லாரிக்கும் என்று வைத்த விலைச் சலுகை கார் வாங்கியவர் பைக்குள் போனது. கட்டுப்பாடு நீங்கியதும் இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. இன்று நாம் பார்க்கும் ஸ்விஃப்ட் டீசல் எல்லாம் அதற்கு முன் செய்தவை. கை மாறி, விலை இறங்கி, இளைஞர்கள் கைக்கு வந்திருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி. புக்கில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றினால், விபத்து நடந்த அன்று க்ளெய்ம் சிக்கலாகும்.

பாலாறு சொல்லும் பாடம்

அபராதத்தை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் பகுதி ஆட்களுக்கு அது புதிதல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் "மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும்" என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. உலகமே படிக்கும் தீர்ப்பு நம்ம ஊர்த் தண்ணீரால் வந்தது!

காருக்கும் அதே கணக்குதான். ரீமேப் செய்யும்போது சிலர் இ.ஜி.ஆர். வால்வையும் அடைத்துவிடுகிறார்கள். புகையின் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதுதான் அதன் வேலை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012 ல் அறிவித்தது. பிக்கப் ஓட்டுகிறவருக்கு, புகை பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு. தோல் கழிவுக்கு நாம் சொன்ன நியாயத்தை நம் சைலன்சருக்கு மட்டும் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

கைவேலை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றுவது, நாசிலைச் சுத்தம் செய்து சோதிப்பது, பிரேக்கைச் சரி செய்வது, கம்பெனி சொன்ன அளவில் நல்ல டயர் போடுவது எல்லாமே மேம்படுத்துதல்தான். பழைய வண்டி இழந்த சக்தியில் நிறைய இதிலேயே திரும்பி வரும். அதில் புகையும் குறையும், காசும் மிச்சமாகும்.

அடுத்து வேறொரு தலைப்பில் சந்திப்போம்.