கொடித்துணி

கொடி காத்த குமரன் எங்கள் சென்னிமலையில் பிறந்தவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1932 ஜனவரியில் திருப்பூர்த் தெருவில் போலீஸ் அடித்து மண்டை பிளந்தபோதும் கொடியை விடவில்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் கொடியின் நடுவே இருந்தது ராட்டை. தறிக்குழியிலேயே வயதாகிப்போன எனக்கு அந்த ராட்டைதான் பெரிது.

1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா வரைந்து கொடுத்த கொடி சிவப்பும் பச்சையும். ராட்டை வைக்கலாமென்ற யோசனை ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. இந்த நிறம் இந்த மதத்துக்கு என்று அப்போது பேச்சு இருந்தது, சச்சரவும் வந்தது. 1931இல் காங்கிரஸ் அந்தப் பேச்சை ஒழித்துக்கட்டியது. சிவப்பு போய்க் காவி வந்தது. காவி தைரியமும் தியாகமும், வெள்ளை அமைதியும் உண்மையும், பச்சை நம்பிக்கையும் வீரமும், ராட்டை பாமர மக்களின் நம்பிக்கை என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். கொடிக்குச் சொன்ன விளக்கங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு கொண்டுவந்த தீர்மானத்தில் ராட்டை இல்லை; அசோகச் சக்கரம் இருந்தது. கொடி இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும், ராட்டையோ மறுபக்கம் திரும்பித் தெரியும் என்றார். நியாயமான காரணம்தான். காந்திக்கு மனம் ஆறவில்லை. ஆனாலும் அன்று சபையில் காட்டிய இரண்டு கொடிகளில் ஒன்று பட்டு, மற்றது பருத்திக் கதர். படத்திலிருந்து போன ராட்டை துணிக்குள் தங்கிவிட்டது.

அப்படிக் கதரில்தான் பல பத்தாண்டுகள் கொடி தைத்தார்கள். கர்நாடகத்தில் தார்வாடு பக்கம் கரக் கிராமத்தில் கொடித்துணியைக் கையால் நூற்று நெய்வார்கள். ஹூப்ளி பெங்கேரியில் கொடி தயாராகும். அங்கே துணியை மூன்று பங்காக்கிச் சாயமேற்றி, வெள்ளையில் 24 ஆரச் சக்கரம் பதித்துத் தைப்பார்கள். 21 அடி நீளக் கொடியானாலும், மேசைமேல் வைக்கும் சின்னக் கொடியானாலும், நிறமும் இழையும் தர விதிப்படி இருக்க வேண்டும்.

2021 டிசம்பர் 30 அன்று தேசியக் கொடி விதித்தொகுப்பைத் திருத்தினார்கள். இயந்திரத்தில் நெய்த பாலியஸ்டர் கொடியும் இப்போது செல்லும். வீட்டுக்கு வீடு பறக்க மலிவான கொடி வேண்டும்தான். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. செங்கோட்டையிலும் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் ஏற்றுவதாவது கைநூற்புக் கதராக இருக்கட்டும். அதைச் சட்டத்தில் எழுதுங்கள் என்று கேட்கிறேன்.