பாரம் ஏறினா வண்டி தானா சமமாகும்

போன வாரம் என் தங்கச்சி மகன் அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அவனுடைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி. முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி, 33 அங்குல டயர் மாட்டியிருக்கிறான். "மாமா, முன்னாடியெல்லாம் மூக்கைத் தரையில வெச்ச மாதிரி நிக்கும். இப்போ லெவலா நிக்குது பாருங்க"ன்னு ஒரு குரல் பதிவு வேற.

அதை என் பையனும் பார்த்துட்டான். "அப்பா, நம்ம வண்டிக்கும் இதே மாதிரி பண்ணலாமா?"ன்னு ஆரம்பிச்சுட்டான். நம்ம வண்டின்னா, தேங்காயும் மாட்டுத்தீவனமும் ஏத்துற லோடு வண்டி. வீட்டுக்குச் சோறு போடுற வண்டி. அதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி, பிக்கப் ஏன் அப்படிக் குனிஞ்சு நிக்குதுன்னு அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

மாட்டுவண்டி ஓட்டினவங்களுக்கு முன்பாரம், பின்பாரம்னா என்னன்னு தெரியும். மூட்டையை முன்னால தள்ளி அடுக்கினா நுகத்தடி மாட்டோட கழுத்தை அழுத்தும். பின்னால தள்ளி அடுக்கினா நுகத்தடி மேலே தூக்கிக் கயிறு தொண்டையை இறுக்கும். அச்சுக்கு நேரா பாரம் நிக்கணும். எங்கப்பா மூட்டை ஏத்தி முடிச்சதும் நுகத்தடியை ஒரு கையால தூக்கிப் பார்ப்பார். கைக்கு லேசா கனம் தெரிஞ்சாத்தான் மாட்டைப் பூட்டுவார்.

பிக்கப் வண்டியிலும் இதே கணக்குதான். பாரம் பெரும்பாலும் பின்னச்சு மேலேதான் உட்காரும். அதனால பின்னால கனமான ஸ்பிரிங் பட்டைகளைக் கொடுத்து, காலி வண்டி பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிக்கிற மாதிரி செய்யறாங்க. பாரம் ஏறினதும் பட்டை அமுங்கி வண்டி சமமாகும். அமெரிக்காக்காரங்க இந்தச் சாய்வுக்கு 'ரேக்'னு பேர் வெச்சிருக்காங்க.

இந்த வண்டி பிறந்ததே விவசாயிகள் கையிலதான். 1908-ல் ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் வந்தது. அங்கே இருந்த விவசாயிகள் அந்தக் காரின் பின்பகுதியைக் கழட்டிட்டு, மரப்பெட்டி அடிச்சு, முட்டையும் பால் கேனும் சந்தைக்குக் கொண்டு போனாங்க. கம்பெனி இதைக் கவனிச்சு, 1925 ஏப்ரலில் தானே இரும்புப் பெட்டி வெச்ச வண்டியை விற்க ஆரம்பிச்சது. விலை 281 டாலர். பெட்டியின் நீளம் 56 அங்குலம், அதாவது அஞ்சு அடிக்கும் குறைவு. கம்பெனியே செய்து விற்ற முதல் பிக்கப்களில் அது ஒண்ணு.

டயர் கதையும் வயலிலிருந்துதான் வருது. அப்போ டிராக்டருக்கெல்லாம் பல் வெச்ச இரும்புச் சக்கரம். 1932-ல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன்னுடைய மாடல் யு டிராக்டரில் காத்தடிச்ச ரப்பர் டயரை மாட்டிப் பார்த்தது. டிராக்டருக்குன்னு டயர் கிடையாததால, முதல் சோதனைக்கு எடுத்துக்கிட்டது விமான டயர்! ரப்பர் உழவுக்குத் தாங்குமான்னு விவசாயிகளுக்குச் சந்தேகம். அதனால ஊர் ஊரா கண்காட்சி நடத்தினாங்க. 1933-ல் டல்லாஸில் பார்னி ஓல்ட்ஃபீல்டு என்கிற பந்தய வீரர் டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்துல ஓட்டிக் காட்டினார். என் மருமகன் இருக்கிற அதே டெக்சாஸில்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு சிப்பாய்கள் பண்ணைக்குத் திரும்பினாங்க. போர்க்களத்துல நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை ஓட்டிப் பழகினவங்க. 1946-ல் டாட்ஜ் கம்பெனி தன்னுடைய ராணுவ வண்டியையே மாத்தி 'பவர் வேகன்'னு விற்றது. உயரமான வண்டி, பெரிய டயர். 1950-களில் மினியாபொலிஸ் நகரத்து நாப்கோ கம்பெனி, சாதாரண பிக்கப்பை நாலு சக்கர இழுவையா மாத்துற சாமான்களை ஒரு தொகுப்பா விற்றது. அதை மாட்டினாலும் வண்டி உயரும். சேறும் பனியும் இருந்துச்சு, அதனால உயரம் தேவைப்பட்டுச்சு.

1970-களில்தான் கதை திரும்புது. செயின்ட் லூயிஸில் நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கான கடை வெச்சிருந்தவர் பாப் சாண்ட்லர். தன்னுடைய 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்புக்குப் பெரிய டயர் போட்டார். அச்சு உடைஞ்சது. பெரிய அச்சு போட்டார். அதுக்கேத்த மாதிரி இன்னும் பெரிய டயர். இப்படி வளர்ந்து 'பிக்ஃபுட்'னு பேர் வாங்கின வண்டி, 1981-ல் ஒரு வயல்ல பழைய கார்களை மிதிச்சு நசுக்கினது. அடுத்து வந்த பிக்ஃபுட்டுக்கு 66 அங்குல டயர், அஞ்சரை அடி உயரம். அது எதுக்குச் செய்த டயர் தெரியுமா? மண்ணை இறுக்காம வயல்ல உரம் தூவுற எந்திரத்துக்கு! டிராக்டர் விமானத்துக்கிட்ட டயர் கடன் வாங்கினது, வேலை செய்ய. பிக்ஃபுட் உர எந்திரத்துக்கிட்ட வாங்கினது, வேடிக்கை காட்ட.

அதுக்கப்புறம் உயரமே அழகாயிடுச்சு. பிக்கப்பும் குடும்ப வண்டி ஆச்சு. 2001 மாடலில் எஃப்-150 நாலு முழுக் கதவோட, அஞ்சரை அடிப் பெட்டியோட வந்தது. காலியாவே ஓடுற வண்டிக்குப் பின்பக்கம் எதுக்கு உயரமா இருக்கணும்? அப்படி வந்ததுதான் லெவலிங் கிட். என் மருமகன் வண்டியில் அது முன் ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கிற ஒரு தடிமனான வில்லை, அவ்வளவுதான்.

கிட்டைக் குறை சொல்ல வரலை. முன்னால பனி அள்ளுற கலப்பை மாட்டுறவங்களுக்கு அது உதவும். பெரிய டயரும் உதவும்தான். ஆனா கணக்குத் தெரியணும். கிட் வண்டியின் உடம்பைத் தூக்கும், பின்னச்சைத் தூக்காது. 31 அங்குல டயருக்குப் பதிலா 33 அங்குலம் போட்டா அச்சு உயர்றது ஒரே அங்குலம். ஸ்பீடோமீட்டரைத் திருத்தலைன்னா, அது 100 காட்டும்போது வண்டி 106-ல் போகும். சக்கரம் கனமானதால பிரேக் பிடிக்க நேரமாகும், எண்ணெயும் கூடக் குடிக்கும். சக்கர அலைன்மென்ட்டைத் திரும்பச் சரி பண்ணணும்.

எல்லாத்தையும்விட முக்கியம், பாரம் ஏத்தினா என்ன ஆகும்ங்கிறது. பின்பக்கம் அமுங்க வெச்சிருந்த இடத்தை ஏற்கெனவே முன்னால செலவழிச்சாச்சு. இப்போ வால் தாழ்ந்து மூக்கு தூக்கும். ஸ்டீயரிங் லேசாகும். முகப்பு விளக்கு எதிரே வர்றவன் கண்ணுல அடிக்கும். மருமகன்கிட்ட கேட்டேன். "ஆமாங்க மாமா, எரு மூட்டை ஏத்திட்டு ராத்திரி வந்தேன், எதிர்ல வந்தவங்க எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டினாங்க"ன்னான். லைட்டை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கேன். அப்பா பயந்த பின்பாரம் இதுதான்.

என் பையனுக்கு இன்னொண்ணும் சொன்னேன். கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாத்தி வண்டியை ஓட்ட நம்ம நாட்டுச் சட்டம் விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல டயரைத்தான் பார்ப்பாங்க.

அவன் பதில் பேசலை. மறுநாள் காலையில தேங்காய் ஏத்தினோம். ஏத்தி முடிச்சுட்டு, வண்டிக்குப் பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்னு பார்த்தான். "லெவலாத்தாம்ப்பா நிக்குது"ன்னு சொல்லிட்டு ஏறி உட்கார்ந்தான்.