சீருடை அணியாத துப்பறிவாளர்

எங்கள் மரக்காணம் கடற்கரையில் உப்பு வாரும் பருவம் வந்துவிட்டால், வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறியபின் பாத்தியின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே மாலைப் பொழுதே தொழிலாளர் ஓய்ந்து அமரும் பொழுது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த நான், அம்மாலைகளில் அரிக்கேன் விளக்கருகே அமர்ந்து அவர்களுக்குக் கதை படித்துக் காட்டுவேன். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பழைய பைண்டுப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதன் நாயகர் துப்பறியும் சாம்பு.

1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய கதைகள் அவை. சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா, மந்தபுத்திக்காரர். அவர் உளறுவதும் தடுக்கி விழுவதும் எப்படியோ குற்றவாளியைக் காட்டிக் கொடுத்துவிடும். அதைப் பேரறிவு என்று நம்பி, இன்ஸ்பெக்டர் கோபாலன் மீண்டும் மீண்டும் அவரையே நாடி வருவார். கோபாலன் வாயிற்படி ஏறும் இடத்தை நான் படித்தவுடனேயே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். சாம்பு பேசும்வரை காத்திராது.

ஒருநாள் முதியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: “ஏம்ப்பா, போலீசுக்காரரு தானா ஒண்ணும் கண்டுபுடிக்கவே மாட்டாரா?”

அன்று எனக்கு விடை தெரியவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து, நூல்களைத் தேடிப் படித்த பின்னரே அக்கேள்வியின் ஆழம் புலனாயிற்று. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908-இல் வெளிவந்தது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் நாவலோடு நில்லாமல், கந்தசாமி முதலியாரின் நாடகத்தால் மேடை ஏறினார்; 1935-இலும் 1951-இலும் திரைக்கும் வந்தார். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் என்று பலர் தோன்றினர். சாம்புவும் சங்கர்லாலும் கணேஷும் காவல் துறையினர் அல்லர். ஷெர்லாக் ஹோம்சும் காவலர் அல்லரே, அவரைப் பார்த்து எழுதியதன் விளைவுதானே இது என்று நீங்கள் கேட்கலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் அந்த ஆங்கிலேயரே பிற்காலத்தில் காவல் அதிகாரி ஒருவரைத் தம் வீட்டு மனிதராக ஏற்றுக்கொண்டனர். காலின் டெக்ஸ்டர் 1975-இல் நாவலில் படைத்த இன்ஸ்பெக்டர் மோர்ஸ், வானொலியிலும் பேசினார். 1987 முதல் 2000 வரை தொலைக்காட்சியிலும் உலவினார். நம்மிடையே ராஜேஷ்குமாரின் குற்றப்பிரிவு அதிகாரி விவேக் போன்றோர் வாசகர் மனத்தில் இடம்பெறச் சற்றுக் காலம் பிடித்தது.

காரணம் எங்கள் கடற்கரையிலேயே கிடந்தது என்பது என் கருத்து. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டப்படி, உரிமம் இன்றி உப்பு எடுப்பது குற்றம். கடல் தானாகக் கொடுத்த உப்பை அள்ளினாலும் காவலன் வருவான். 1930 ஏப்ரல் 30-ஆம் நாள் வேதாரணியத்தில் இராஜாஜி கைதானதும் இதே உப்பை அள்ளியதற்காகத்தான். 1947-இல்தான் உப்பு வரி நீங்கியது. என்னைக் கேட்ட முதியவரின் தாயார், முன்னொரு காலத்தில் சட்டியில் சுரண்டிச் சேர்த்த உப்பை ஒரு காவலன் காலால் எற்றிக் கொட்டினானாம். சட்டியும் உடைந்ததாம். உப்பைவிடச் சட்டிக்காகவே அவள் அதிகம் அழுதாள் என்று அவர் சொன்னார். இத்தகைய நினைவு உள்ளவர்களுக்குச் சீருடைக்காரரை நாயகராக்கிக் கதை சொன்னால் எப்படி நம்புவார்கள்? அவரைக் கண்டு சிரிப்பதற்கே தேவன் வழி செய்தார். கோபாலனைக் கொடியவராக்காமல், வெகுளியாக அவர் படைத்ததே பெருந்தன்மை.

தேவன் 1957-இல் மறைந்தார். பல்லாண்டுகள் கழித்து, காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்த தொடர் தூர்தர்ஷனில் வந்தது. என் வாயால் கதை கேட்டவர்களில் சிலர் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்தனர். தாம் எண்ணியிருந்த சாம்பு இன்னும் ஒல்லி என்று ஒருவர் குறைபட்டார். நான் படித்த குரலே மேல் என்று மற்றொருவர் உபசாரமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் வந்தபோது மட்டும் அதே பழைய சிரிப்பு எழுந்தது. கேள்வி கேட்ட முதியவர் அப்போது உயிருடன் இல்லை.