ரிஞிவே ஏரியை வெட்டிவிட்டவர்கள்

1960, மே 22, ஞாயிற்றுக்கிழமை. சிலி நாட்டின் தென்பகுதி. முந்தைய நாள் விடிகாலையில்தான் கான்செப்சியோன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்திருந்தது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி நெருங்கும்போது மறுபடியும் தரை குலுங்கியது. வால்டிவியா நகரத்து மக்கள் பதறியடித்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். உள்ளே திரும்பத் தயங்கி வெளியிலேயே நின்ற பலருக்கு அந்தத் தயக்கம்தான் உயிர்ப்பிச்சை ஆனது. 3 மணி 11 நிமிடத்துக்கு வந்தது, மனிதன் கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு பூமி கண்ட ஆகப் பெரிய நிலநடுக்கம். ஏறக்குறைய பத்து நிமிடம் ஆட்டியெடுத்தது.

அதன் அளவு 9.5. தென் அமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் சொருகிக்கொண்டிருக்கும் நாஸ்கா தட்டு, சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மூச்சில் விடுபட்டு நழுவியது. பழைய ரிக்டர் அளவுகோலால் இவ்வளவு பெரிய அதிர்வைப் பிடிக்க முடியவில்லை, எட்டரைக்குள்ளேயே நின்றுவிட்டது. பிளந்த பரப்பையும் நழுவிய தூரத்தையும் வைத்துக் கணக்குப் போடும் முறையை ஹிரோ கனமோரி 1977-ல் கொண்டுவந்த பிறகே 9.5 என்ற எண் கிடைத்தது.

சிலியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. பரவலாகச் சொல்லப்படுவது 1,655. வீடிழந்தவர்கள் 20 லட்சம் பேர். ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க என் மனம் போய் நிற்பது இன்னோரிடத்தில். நிலநடுக்கம் யாருக்கும் அவகாசம் தருவதில்லை. அதன் பின்னால் வரும் தண்ணீர் தருகிறது. அந்த அவகாசத்தை மனிதர்கள் என்ன செய்தார்கள்?

நிலநடுக்கம் கிளப்பிய ஆழிப்பேரலை பசிபிக்கைக் கடந்து வருவதற்குள் ஹவாய்த் தீவின் ஹிலோ நகரத்துக்குக் கிடைத்தது 15 மணி நேரம். எச்சரிக்கை வந்தது, அன்றிரவு சைரனும் ஒலித்தது. ஆனால் அந்தச் சைரன் கிளம்பச் சொல்கிறதா, தயாராக இருக்கச் சொல்கிறதா என்று பலருக்கும் குழப்பம். அலையை வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு வந்த அலையில் 61 பேர் இறந்தார்கள். ஜப்பானுக்கோ ஏறத்தாழ ஒரு நாள் இருந்தது. ஹவாயிலிருந்து தகவல் போயும், அலை கரையேறும்வரை அங்கே எச்சரிக்கை விடப்படவில்லை. சுமார் 140 பேர் இறந்துபோனார்கள். காலடியில் துளி அதிர்வுகூட இல்லாத கரையில் ஆழிப்பேரலை வரும் என்று யார்தான் நினைப்பார்கள்? இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பசிபிக் நாடுகள் கூட்டாக எச்சரிக்கை அமைப்பை வலுப்படுத்தின. இந்தியப் பெருங்கடலுக்கு 2004 வரை அப்படி ஒன்று அமையவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் கிளம்பிய அலை நாகப்பட்டினத்தை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது; அந்த இரண்டு மணி நேரத்தில் நம் மீனவக் குப்பங்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. ஆற மாட்டாத வருத்தம் இது.

சிலிக்கே திரும்புவோம். வால்டிவியாவுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், ஒன்றுக்குள் ஒன்று வடியும் ஏழு ஏரிகள். கடைசி ஏரி ரிஞிவே. அதிலிருந்து புறப்படும் சான் பெட்ரோ ஆறுதான் பல ஊர்களைக் கடந்து வால்டிவியாவுக்கு வருகிறது. நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் பெயர்ந்து ஆற்றின் தலைவாயிலில் விழுந்து, மூன்று இடங்களில் அதை அடைத்துவிட்டன. பெரிய அடைப்பின் உயரம் 24 மீட்டர். போக வழியில்லாமல் ஏரி நாளுக்கு நாள் ஏறியது. போதாததற்கு அது மழை கொட்டும் குளிர்காலம். தண்ணீர் அடைப்பின் உச்சியைத் தொட்டு உடைத்துக்கொண்டால், ஆற்றங்கரை ஊர்கள் சில மணி நேரத்தில் இல்லாமல் போகும்.

இது வெறும் பயமில்லை. 1575 டிசம்பரில் இதே பகுதியில் இதே போன்ற நிலநடுக்கம். இதே ஏரி அடைபட்டது. நான்கு மாதம் கழித்து, 1576 ஏப்ரலில் உடைந்து, கீழே இருந்த ஊர்களை வாரிக்கொண்டு போனது. அப்போது வால்டிவியாவில் அதிகாரியாக இருந்த மரீஞோ டி லோபெரா அதை எழுதிவைத்திருக்கிறார்.

ராவுல் சாயெஸ் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். அரசு மின்நிறுவனமான எண்டெசாவில் இருந்தவர். ராணுவமும் நூற்றுக்கணக்கான தொழிலாளிகளும் கூடினார்கள். 27 புல்டோசர்கள் வந்தன. சேற்றில் இறங்கியதும் நகர முடியாமல் திணறின. வேறு வழியில்லை, ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். மழையில், களிமண்ணில் நின்றுகொண்டு கையாலேயே வெட்டினார்கள். மேலே உள்ள ஏரிகளிலிருந்து புதுத் தண்ணீர் வராதபடி அவற்றின் வாய்களையும் தற்காலிகமாகக் கட்டினார்கள். 24 மீட்டர் அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக 15 மீட்டருக்கு இறங்கியது. தாழ்வான பகுதிகளில் இருந்த மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு மாத வேலை. ஜூலை கடைசி வாரத்தில் ஏரி, வெட்டிய வழியே வழிந்து ஓட ஆரம்பித்தது. சுமார் 300 கோடி கன மீட்டர் தண்ணீர். அடக்கி விட்டும் அது சாதுவாகப் போகவில்லை. கரைகளை அறுத்தது, வால்டிவியாவின் தாழ்வான தெருக்களில் புகுந்தது. ஆனால் ஒரே இரவில் உடைத்துக்கொண்டு வரவில்லை. வெள்ளம் வந்தபோது அதன் வழியிலிருந்த வீடுகளில் ஆட்கள் இல்லை.

(தொடரும்)