ஓவியமும் வரலாற்று ஊகமும்

கல்வெட்டு, நாணயம், ஏடு என்பனவற்றோடு பழைய ஓவியங்களையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளுதல் மரபு. ஆயின், ஓவியம் நிகழ்ச்சியன்று. நிகழ்ச்சி பற்றிய ஒருவரது கூற்றேயாகும். அதனைக் கொண்டு ஊகிக்க முற்படுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

நமது கரையோடு தொடர்புடைய படமொன்றை ஈண்டு நோக்குவோம். 1602 மே இறுதியில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். பின்னர் கண்டி சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். அவரது பயண நூலிலுள்ள செதுக்கோவியம் மன்னனும் தலைவரும் கைகோத்து நிற்பதைக் காட்டுகின்றது. இதனை மட்டுமே காணும் மாணவன் நிலையான நட்பொன்று மலர்ந்ததென முடிவு செய்வான். நிகழ்ந்ததோ வேறு. அடுத்த ஆண்டே, 1603 இல், மட்டக்களப்புப் பகுதியில் மற்றோர் ஒல்லாந்தத் தலைவரான சேபால்ட் டி வேர்ட்டும் அவருடன் வந்தோர் பலரும் மன்னனின் ஆட்களாற் கொல்லப்பட்டனர். அந்நூல் அச்சேறியது இக்கொலைக்குப் பின்னரேயாம். எனவே அப்படம் ஒரு நாளின் சந்திப்புக்குச் சான்றாகலாம்; உறவின் முடிவுக்குச் சான்றாகாது. ஒல்லாந்த வாசகர் காண விரும்பிய இலங்கை எதுவென்பதற்கும் அது சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான கைகுலுக்கல் ஒன்றுண்டு. 1869 மே 10 இல் யூற்றா பிரதேசத்தில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த புகையிரதப் பாதைகள் இணைந்தன. ஆன்ட்ரூ ரசல் எடுத்த புகழ்பெற்ற நிழற்படத்தில் இரு பொறியியலாளர் கைகுலுக்குகின்றனர்; மலைகளைக் குடைந்து மேற்குப் பாதையை அமைத்த பல்லாயிரம் சீனத் தொழிலாளர்க்கு அதன் முன்னணியில் இடமில்லை. அதே நிகழ்ச்சியை 1881 இல் ஓவியமாக்கிய தோமஸ் ஹில், 1863 இலேயே மறைந்துவிட்ட தியடோர் ஜூடாவையும் கூட்டத்திடையே நிறுத்தினார். ஒரு படம் உழைத்தவரை விட்டது. மற்றது இறந்தவரைச் சேர்த்தது. அக்காலச் செய்தியிதழ்களின் படங்களும் இத்தகையனவே. களத்தில் ஒருவர் விரைந்து வரைந்ததைப் பணிமனையிற் பலர் மரக்கட்டைத் துண்டுகளிற் செதுக்கி இணைத்தனர். களத்தைக் காணாத கைகளும் அப்படத்தில் உள்ளன.

ஆகவே படமொன்றின் முன் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். வரைந்தவர் யார்? எவர் பொருட்டு வரைந்தார்? எவரை விட்டார்?

மூன்றாம் வினாவே கல்முனைக் கரையோர மக்களாகிய நமக்கு இன்றியமையாதது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் புலத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் 1626 ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. அக்குடிகளின் வருகையை ஐரோப்பியச் செதுக்குநர் எவரும் கைகோக்கும் காட்சிபோற் போற்றி வரைந்திலர். கப்பலில் வந்தோர் அரசனையும் கோட்டையையும் வரைந்தனர். வயலை உழுதவனையும் தோணி தள்ளியவனையும் பெரிதும் பொருட்படுத்தினரல்லர். படத்தில் இல்லாமை கொண்டு மண்ணில் இல்லாமையை ஊகித்தல் பெரும் பிழையாகும்.

அவ்வெற்றிடத்தை நிரப்பும் சான்றுகள் நம்மிடமே உள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் இக்கரையிற் பேணிவரும் தாய்வழிக் குடிமரபு, பள்ளிவாசல் மரைக்காயர் முறை, காணி உறுதிகள், கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம், முதியோர் வாய்மொழி ஆகியன அவை. இவற்றைத் தொகுத்து ஆராய்தல் இன்றைய மாணவர் கடன். பிறர் வரைந்த படத்தை ஐயுற்று நோக்கக் கற்றல் முதற்படி; வரையப்படாததைத் தேடிச் செல்லுதலே வரலாற்றுப் பணி.