"முடிந்தது" என்று யார் சொல்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி என்றதும் தள்ளிவிட வேண்டாம், கடைசியில் நம் பள்ளிக்கூட விஷயத்துக்கே வருவேன்.

2023 ஜனவரி கடைசியில் நம் விழுப்புரத்தில் 'மினி டெப்கான்ஃப்' என்ற கூட்டம் நடந்தது. நடத்தியது நம் ஊர் க்னு/லினக்ஸ் பயனர் குழுப் பிள்ளைகள். பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான், போனேன். டெபியன் என்பது உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யும் இலவச இயங்குதளம். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் அதுதான் அடிப்படை.

அங்கே அவனிடம் கேட்டேன். "ஏம்ப்பா, முதலாளி இல்லை, சம்பளம் இல்லை. வேலை முடிஞ்சுதுன்னு யார் சொல்றது?"

"அதுக்குப் பெரிய கதை இருக்கு சார்" என்றான். பிறகு நானே தேடிப் படித்தேன்.

முதல் பாடம் 1995 டிசம்பரில். வேலை நடந்துகொண்டிருந்த அரைகுறைப் பதிப்பை எடுத்து, குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று 'டெபியன் 1.0' என்று பெயர் போட்டு விற்றுவிட்டது. அது ஒழுங்காக இயங்கவில்லை. குழப்பம் வேண்டாமென்று டெபியன்காரர்கள் 1.0 என்ற எண்ணையே விட்டுவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டார்கள். வேகாத சோற்றைப் பரிமாறினால் சமைத்தவர் பேர்தான் கெடும்.

இரண்டாவது பாடம் நேர் எதிர். "தயாரானதும் வரும்" என்பது அவர்கள் கொள்கை. 3.0 வந்தது 2002 ஜூலையில். அடுத்த 3.1 வந்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று வருடம்! நிறுவும் நிரலைப் புதிதாக எழுதினார்கள். 11 வகைக் கணினிகளுக்குச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று பழசாகிவிடும். இதற்கிடையில், 2004 அக்டோபரில், டெபியனிலிருந்தே கிளைத்த உபுண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று தேதி வைத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவசரப்பட்டாலும் கேடு, ஆறப்போட்டாலும் கேடு. என்ன செய்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெளியிடும் தேதியை முன்கூட்டி முடிவு செய்யவில்லை. மாற்றத்தை நிறுத்தும் தேதியை முடிவு செய்தார்கள். அதற்கு 'ஃப்ரீஸ்' என்று பேர். 2009-ல் இப்படித் தீர்மானித்தபோது எதிர்ப்பும் வந்தது, முதல் முறை தள்ளியும் போனது. ஆனால் 2011-லிருந்து 2025 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு தவறாமல் வந்திருக்கிறது.

நம் ஊரில் கூட்டம் நடந்தபோதே 12-ம் பதிப்பு ஃப்ரீஸில்தான் இருந்தது. ஜனவரி 12-ல் பெரிய மாற்றங்களுக்குத் தடை. பிப்ரவரி 12 முதல் புதிய மென்பொருள் எதுவும் சேர்க்கக் கூடாது. மார்ச்சில் இன்னும் இறுக்கம். மே 24-க்குப் பிறகு எந்தத் திருத்தமானாலும் வெளியீட்டுக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். தகவலை அழிக்கும் பிழை, பாதுகாப்பில் ஓட்டை விடும் பிழை இருந்தால் திருத்த வேண்டும். முக்கியமில்லாத மென்பொருள் என்றால் அதையே வெளியே எடுத்துவிடுவார்கள். ஜூன் 10-ல் வெளியானது. அன்றும் சில பிழைகள் இருந்தன. ஆனால் அவை பொதுப் பட்டியலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தன. 'நிலையான பதிப்பு' என்றால் பிழையே இல்லாதது என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. இன்ன குறை இருக்கிறது என்று தெரிந்து, இனி மனம்போல் மாற்ற மாட்டோம் என்று கொடுக்கும் வாக்கு அது.

இதைப் படித்தபோது மனம் திண்டிவனத்துக்குப் போய்விட்டது. அங்கே பணியாற்றியபோது பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் என் பொறுப்பு. அனுப்பும் நாள் சாயங்காலம் வரை பெயர் சேர்ப்போம், இனிஷியல் மாற்றுவோம். அந்த அவசரத்தில் ஒரு பெண்ணின் பிறந்த தேதியில் மாதம் மாறிவிட்டது. கையெழுத்து என்னுடையது. சான்றிதழ் வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு, பள்ளிக்கும் விழுப்புரத்துக்கும் சென்னைக்குமாக அலைந்தார். திருத்திய சான்றிதழ் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. "பரவாயில்ல சார்" என்றார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

எங்களிடம் அனுப்பும் தேதி இருந்தது. நிறுத்தும் தேதி இல்லை.

அடுத்த வருடம் முதல் நான்கு நாள் முன்பே சேர்ப்பதை நிறுத்தினேன். பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வரியை வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்பினேன். அதற்கு ஃப்ரீஸ் என்று பேர் இருப்பது அப்போது தெரியாது.

இப்போது நாமினல் ரோல் வேலை பார்க்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, அந்த நான்கு நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.