சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வாழ்விலும் கதையிலும் குணம்

1. ஆய்வின் எல்லை

ஒருவரின் குணம் எப்படி என்று கேட்டால் நல்லவர், பொறுமைசாலி, முன்கோபி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கதையில் வரும் ஆளையும் அதே அளவுகோலால் அளக்கிறோம். அது போதாது என்பது இக்கட்டுரையின் துணிபு. தனக்கு இழப்பு வரும் என்று தெரிந்தும் ஒரு மனிதர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் குணம் வெளிப்படுகிறது. வாழ்வுக்கும் இது பொருந்தும், கதைக்கும் பொருந்தும்.

இதை நிறுவுவதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கோலாலம்பூரில் 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் வாழ்வும் கதையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. கிள்ளான் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய ஆர். எச். நாதன் அந்தப் பத்திரிகையில் பணியாற்றியவர். மலாயாத் தமிழருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்த வகுப்பும் அதன் பக்கங்களில்தான் நடந்தது.

2. அளவுகோல்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் அவை ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு களன்களையும் வகுத்துச் சொல்கிறது. அவற்றுள் மூன்று இங்கே போதும். அழுகை பிறக்கும் களன்கள் இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. வெகுளிக்கு உறுப்பை அறுத்தல், குடியை நலித்தல், அலைத்தல், கொல்லுதல். பெருமிதத்துக்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை.

மூன்று பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. இது என் வாசிப்பு. உரையாசிரியர்கள்மேல் ஏற்றிச் சொல்லவில்லை. அழுகையின் நான்கும் ஒருவருக்கு நேர்பவை. வெகுளியின் நான்கும் பிறர் இழைப்பவை. பெருமிதத்தின் நான்கை மட்டும் அவரே முயன்று அடைய வேண்டும். ரப்பர்த் தோட்ட வாழ்வை எழுதிய நம் கதைகள் பெரும்பாலும் முதல் பட்டியலுக்குள்ளேயே நின்றுவிட்டன. தோட்டத்து மக்கள் மூன்றாவது பட்டியலிலும் இருந்தார்கள் என்பதற்குச் சான்று 1941.

3. வாழ்வில் குணம்

3.1 கிள்ளான், 1941

இந்திய அரசு 1938இல் தோட்டத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. மூன்றாண்டு கழித்துப் போர்க்காலத்தில் ரப்பருக்கு நல்ல விலை கிடைத்தபோதும் தமிழரின் கூலி சீனரின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. அந்த நிலையில்தான் நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் தொழிலாளரை ஒன்றுசேர்த்தனர். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படிக்கும்போது கூலி மட்டும் கண்ணில் பட்டால் நாம் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள். கொடுமை செய்யும் மேற்பார்வையாளரை நீக்க வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றார்கள். அலைத்தலும் குடியை நலித்தலும் வெகுளியின் களன்கள் என்று இலக்கணம் சொன்னது இங்கே எழுத்து பிசகாமல் பொருந்துகிறது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள். மருத்துவ வசதி, பேசவும் கூடவும் உரிமை, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடையின்மை என்று பட்டியல் நீள்கிறது.

இரண்டு கோரிக்கைகள் தனித்து நிற்பவை. முதலாவது சைக்கிள் பற்றியது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்றார்கள். இதனால் ஒரு காசுகூட அதிகம் வரப்போவதில்லை. வேலை போகலாம், லயத்து வீடு போகலாம். அதைத் தெரிந்தே கூலி உயர்வுக்குப் பக்கத்தில் இதையும் எழுதிவைத்தார்கள்.

இரண்டாவது கோரிக்கை என்னை இன்னும் ஆழமாகத் தொடுவது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்டார்கள். அங்கே குடித்தவர்கள் துரைமார் அல்லர். கேட்டவர்களும் அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும்தான். நாளெல்லாம் வெயிலில் நின்றவனுக்கு மாலையில் கிடைத்த ஒரே ஆறுதலைத் தாங்களே விட்டுவிட முன்வந்த மக்கள் இவர்கள். பிறர்மேல் வைக்கும் கோரிக்கையில் தன்மேலும் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்ப்பது எளிதில் வரும் காரியமன்று. தோட்டத்துத் தமிழன் குடித்தே அழிந்தான் என்று இன்றும் எளிதாகப் பேசுகிறவர்கள் இந்தக் கோரிக்கையைப் படிக்க வேண்டும்.

முடிவு கொடியதாக இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கேட்டு வேலைநிறுத்தம் மேலும் விரிந்தது. படை இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் மலாயாவில் வந்திறங்கினர். சயாம் மரண ரயில்பாதைக்கு இதே தோட்டங்களிலிருந்து ஆள் பிடிக்கப்பட்டது. அடுத்து வந்த துன்பம் அவ்வளவு பெரிது. அதனால்தானோ என்னவோ 1941 நம் நினைவில் சுருங்கிவிட்டது.

3.2 பத்து வெள்ளி

தனிமனிதர் ஒருவரின் குணம் பொதுச் செல்வமாக மாறிய நிகழ்ச்சி 1960இல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க, மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம் அது. அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டினால் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டார். ஏமாந்தே பழகிய மக்களிடம் பணம் கேட்பதற்கு முன் நம்பிக்கையைப் பெற வேண்டும். அதைப் பெற்றார். கெடாவிலிருந்த புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸின் நடுவே ஓடும் சாலைக்கு அவர் பெயர். பெருமிதத்தின் களன்களுள் கொடையும் ஒன்று என்றால், இங்கே கொடுத்தவர்கள் பத்து வெள்ளியை எடுத்துவைத்த பால்மரத் தொழிலாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

4. கதையில் குணம்

4.1 பெயரிலிருந்து ஆளுக்கு

மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ (1917). பெயரைக் கேட்டவுடனேயே நாயகனின் குணம் தெரிந்துவிடுகிறது. 1930இல் வே. சின்னையா பிள்ளை வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘நவரச கதா மஞ்சரி’. சுவை முதலில், ஆள் பிறகு என்பது அக்கால முறை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாடகமும் கூத்தும் கேட்டு வளர்ந்த மக்களின் முறை அது.

1950–51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். நாளிதழ் வழியாகப் பாடம் கொடுத்து, எழுதி அனுப்பியதைத் திருத்தி எழுத்தாளரை உருவாக்க முயன்றது, தோட்டத்துக்கும் நகரத்துக்கும் போக்குவரத்தே அரிதாக இருந்த காலத்தில் பெரிய செயல். அடுத்து இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்தார். 1957வரை இங்கே இருந்தார். எழுத்தாளரைக் கூட்டி ‘இலக்கிய வட்டம்’ நடத்தினார்.

4.2 துண்டு

அழகிரிசாமி எப்படிப்பட்ட ஆசான் என்பதற்கு அவருடைய ‘ராஜா வந்திருக்கிறார்’ கதை போதும். தீபாவளிக்கு ஆளுக்கொரு துணி எடுப்பதே பெரும்பாடான வீடு. உடம்பெல்லாம் புண்ணோடு ஓர் அநாதைப் பையன் வந்து நிற்கிறான். தாயம்மாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். உடுத்தத் துணியில்லை. வீட்டுத் தலைவனுக்கென்று எடுத்துவைத்த துண்டு ஒன்றுதான் மிச்சம். அது பையனுக்குப் போகிறது.

தாயம்மாள் இரக்கமுள்ளவள் என்று கதாசிரியர் எங்கும் சான்றிதழ் எழுதவில்லை. மிச்சமிருந்தது ஒரே துண்டு, அது இன்னொருவருக்கு உரியது, அவள் தயங்குகிறாள். இந்த மூன்றும் கதையில் இருப்பதால் அவள் ஆளாகிறாள். பெட்டியில் பத்துத் துண்டு இருந்திருந்தால் கொடுத்தது பாராட்டத்தக்க செயலாக இருந்திருக்கும். தாயம்மாள் யார் என்பது நமக்குத் தெரிந்திருக்காது. கிள்ளான் கள்ளுக்கடைக் கோரிக்கையையும் இந்தத் துண்டையும் நான் ஒரே வரிசையில் வைப்பது இதனால்தான்.

4.3 பாத்திரத்தின் வாயும் எழுதியவரின் ஒழுக்கமும்

‘வல்லினம்’ இதழின் ஆசிரியர் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை மலேசிய உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடைசெய்தது. அதற்கு முன்பே அதிலுள்ள வசைச்சொற்களை எடுத்துக்காட்டிப் பலர் கண்டித்தனர். கண்டனங்களின் அடியில் ஒரு குழப்பம் இருந்தது. பாத்திரம் பேசும் சொல்லை எழுத்தாளரின் நடத்தைக்குச் சான்றாக எடுத்தார்கள். கோபத்தில் தோட்டத்துக் கிழவி எப்படிப் பேசுவாள் என்பது அவள் வாழ்வு அவளுக்குக் கொடுத்தது. அதை மழித்துவிட்டு மேடைத்தமிழை வாயில் வைத்தால் அவள் போய்விடுவாள். எழுத்தாளரின் ஒழுக்கத்தைச் சோதிக்க வேண்டுமானால், தம் பாத்திரத்துக்கு அவர் நியாயம் செய்தாரா என்று சோதிப்பதே முறை.

5. கங்காணி

நம் தோட்டக் கதைகளில் கங்காணியும் கிராணியும் மண்டோரும் உள்ளே நுழையும்போதே கொடியவர்களாக நுழைகிறார்கள். வரலாற்றில் அதற்குப் போதிய காரணம் உண்டு. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ போன்ற நாவல், கம்யூனிஸ்டுகளுக்கும் அரசுக்கும் நடுவே அகப்பட்ட எளிய மக்களுக்கு முகம் கொடுத்தது. கங்காணிக்கு அப்படி முகம் கொடுத்த கதைகள் நான் படித்தவரையில் மிகக் குறைவு.

அவன் வானத்திலிருந்து குதித்தவனல்லன். பலநேரம் தான் அழைத்துவந்த ஆட்களின் ஊர்க்காரன், உறவுக்காரன். வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவனுக்குக் காசு. விடியுமுன் பிரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது ஒருவன் லயத்தில் காய்ச்சலோடு கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விட்டுவிட்டால் கங்காணிக்கு அன்றைய காசு குறையும், கிராணியிடம் திட்டு விழும். இழுத்துவந்தால் ஊர் உறவு போகும். பெரும்பாலோர் இழுத்துவந்தார்கள். விட்டுவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். இழுத்து வந்தவனின் கதையிலும் அவன் ஒரு கணம் நின்று யோசித்த அந்த லயத்து வாசல் எழுதப்பட வேண்டும். அது எழுதப்படாதவரை, கொடுமைக்குள்ளான தொழிலாளியையும் நாம் பாதியளவுதான் எழுதியிருக்கிறோம். அவனை அடித்தது ஒரு பதவிப்பெயர் அன்று, வேறு விதமாக நடந்திருக்கக்கூடிய ஒரு மனிதன்.